ஒரிஜினலா, கம்பேட்டிபிளா? லேப்டாப் பேட்டரியை ஆன்லைனில் வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம் அக்கா மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் டிடிபி கடைக்கு வந்தாள். "மாமா, டச்பேடு கிளிக் ஆகவே மாட்டேங்குது. ஒரு பக்கம் மேலே தூக்கிட்டு நிக்குது பாருங்க."

மூடியைச் சாத்திப் பார்த்தேன். முன்பக்கம் ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி. ஸ்குரூவைக் கழற்றி அடிமூடியை எடுத்தால், பேட்டரியின் மூன்று செல்லில் இரண்டு பூரி மாதிரி உப்பியிருந்தன. அது நான்கு மாதத்துக்கு முன் நானே ஆன்லைனில் வாங்கிப் போட்ட பேட்டரி. 'நூறு சதவீதம் ஒரிஜினல்' என்று போட்டிருந்தார்கள், விலை கம்பெனி விலையில் பாதிகூட இல்லை. அதன் ஸ்டிக்கரை அன்றைக்குத்தான் நிதானமாகப் படித்தேன். எச்சரிக்கை வாசகத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லில் எழுத்துப் பிழை. தயாரிப்புத் தேதி என்று எதுவுமே இல்லை. பெட்டி வந்த அன்றே ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படித்திருந்தால் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

அதற்குப் பிறகு கடைக்கு வருகிற பிள்ளைகள், டீச்சர்கள், தெரிந்தவர்கள் என்று நிறைய பேருக்கு பேட்டரி பார்த்து வாங்கிக் கொடுத்துவிட்டேன். எல்லோரும் முதலில் கேட்பது, "அண்ணே, ஒரிஜினல் வாங்கறதா, கம்பேட்டிபிள் வாங்கறதா?" என்பதுதான். கேள்வி சரி, ஆனால் அதில் ஒன்று விட்டுப்போகிறது. சந்தையில் இருப்பது இரண்டு வகை இல்லை, மூன்று. லேப்டாப் கம்பெனியே தன் பெயரில் விற்பது ஒரிஜினல். வேறு கம்பெனி தன் சொந்தப் பெயரைப் போட்டு, 'இந்த மாடலுக்குப் பொருந்தும்' என்று சொல்லி விற்பது கம்பேட்டிபிள். எவரோ செய்துவிட்டு எச்பி, டெல், லெனோவோ என்று ஸ்டிக்கர் ஒட்டுவது டூப்ளிகேட். முதல் இரண்டில் எதை வாங்கினாலும் நியாயம் உண்டு. மூன்றாவது கையில் வந்து மாட்டாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் கீழே இருக்கும் எல்லாப் படிகளும்.

முதல் படி: கோளாறு பேட்டரியில்தானா?

சார்ஜ் நிற்கவில்லை என்றவுடன் ஆர்டர் போட்டுவிட வேண்டாம். விண்டோஸிலேயே இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளையை எழுத்தில் அடிக்கும் ஜன்னல்) திறந்து, ஆங்கிலத்தில் பி-ஓ-டபிள்யூ-இ-ஆர்-சி-எஃப்-ஜி என்ற எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, முன்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று போட்டு, அதோடு 'பேட்டரி ரிப்போர்ட்' என்பதை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு அறிக்கை ஃபைலாகச் சேமிக்கப்படும். எங்கே என்பதை அங்கேயே காட்டும். அதை பிரவுசரில் திறந்து பாருங்கள்.

அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது பேட்டரி புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவு. 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்பது இன்றைக்கு அதனால் பிடித்துவைக்க முடிந்தது. முதலாவது 42,000 என்றும் இரண்டாவது 18,900 என்றும் இருந்தால், மிச்சம் இருப்பது 45 சதவீதம். மாற்ற வேண்டியதுதான். 80 சதவீதத்துக்கு மேல் இருந்தும் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது என்றால் கோளாறு வேறு எங்கோ. பின்னணியில் ஓடும் புரோகிராம், முழு வெளிச்சத்தில் வைத்த ஸ்கிரீன் இவற்றைப் பாருங்கள். சார்ஜே ஏறவில்லை என்றால் தெரிந்தவரிடம் அதே வகை சார்ஜரை வாங்கி ஒருமுறை செருகிப் பாருங்கள். சார்ஜர் போனதற்கு பேட்டரி மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உப்பியிருந்தால் இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. டச்பேடு தூக்குவது, மூடி பொருந்தாதது, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் சார்ஜரைப் பிடுங்கி, ஆஃப் செய்துவிடுங்கள். செல்லுக்குள் உள்ள திரவம் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அழுத்தாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள்.

நம் ஊரில் இதைத் தள்ளிப்போட முடியாத காரணமும் இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. ஐப்பசி, கார்த்திகை வந்தாலே கரண்டை நம்ப முடியாது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு லேப்டாப் பேட்டரி இரண்டு மணி நேரம் நின்றால் அதுவே பெரிய விஷயம்.

இரண்டாம் படி: பார்ட் நம்பரை எடுங்கள், மாடல் பெயரை அல்ல

வாங்குகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. 'டெல் இன்ஸ்பிரான் 15' என்று தேடி, படத்தைப் பார்த்து ஆர்டர் போடுவார்கள். ஒரே மாடலிலேயே மூன்று செல் பேட்டரி போட்டதும் வந்திருக்கும், நான்கு செல் போட்டதும் வந்திருக்கும். சில மாடல்களில் பெரிய பேட்டரி ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தையும் சேர்த்து அடைத்துக்கொள்ளும். உங்கள் லேப்டாப்பில் அங்கே ஹார்ட் டிஸ்க் இருந்தால் அந்தப் பேட்டரி உள்ளே போகவே போகாது.

அதனால் பழைய பேட்டரியின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். எச்பியில் 'எச்டி03எக்ஸ்எல்' மாதிரி ஒரு குறியீடு பெரிதாக இருக்கும். டெல்லில் 'டபிள்யூடிஎக்ஸ்0ஆர்' மாதிரி ஐந்து எழுத்து. லெனோவோவில் எஃப்ஆர்யூ என்று போட்டு ஒரு நம்பர் இருக்கும். ஆர்டர் போடுவது இந்த நம்பரை வைத்துத்தான்.

திறக்க பயமாக இருந்தால் லேப்டாப்பின் அடியில் இருக்கும் சீரியல் நம்பர் போதும். டெல்லில் அதற்கு சர்வீஸ் டேக் என்று பெயர். கம்பெனியின் சப்போர்ட் தளத்தில் அதைக் கொடுத்தால், அந்த லேப்டாப் தொழிற்சாலையில் இருந்து எந்த உதிரிபாகங்களோடு வந்தது என்று பார்க்கலாம். அரசு கொடுத்த பழைய லேப்டாப் இன்னும் பல வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய மாடலில் பேட்டரியைப் பின்பக்கம் தாழ்ப்பாளைத் தள்ளி அப்படியே எடுத்துவிடலாம், அதில் இந்த வேலை ஒரு நிமிடம்.

மூன்றாம் படி: வோல்ட்டையும் எம்ஏஎச்சையும் பெருக்கிப் பாருங்கள்

ஸ்டிக்கரில் மூன்று எண்கள் இருக்கும்: வோல்ட், எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் ஹவர்), வாட் ஹவர். கடைசியில் உள்ளதுதான் பேட்டரி மொத்தமாகப் பிடித்துவைக்கும் மின்சாரம். வோல்ட்டை எம்ஏஎச்சால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட் ஹவர் வர வேண்டும். 11.4 வோல்ட், 3,684 எம்ஏஎச் என்றால் 42 வாட் ஹவர். கணக்கு ஓரிரண்டு வாட் ஹவர் முன்னே பின்னே இருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் 11.4 வோல்ட், 5,200 எம்ஏஎச் என்று போட்டுவிட்டுப் பக்கத்திலேயே 42 வாட் ஹவர் என்று எழுதியிருந்தால் கணக்கு 59-க்கு மேல் போகிறது. இரண்டில் ஒன்று பொய். அந்த லிஸ்டிங்கை மூடிவிடுங்கள்.

உருளை செல் போட்ட பழைய வகை ஆறு செல் பேட்டரிக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. உள்ளே இருப்பது 18650 என்ற செல். அதில் நல்ல செல்லே ஒன்று 3,500 எம்ஏஎச் அளவுக்குத்தான் வரும். ஆறு செல்லை மூன்று ஜோடியாகக் கோத்திருப்பதால் மொத்தம் 7,000-ஐத் தாண்ட வழியில்லை. பெரும்பாலும் 4,400 தான் இருக்கும். ஆறு செல் பேட்டரிக்கு 9,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் மேற்கொண்டு யோசிக்க எதுவும் இல்லை.

வோல்ட் விஷயத்தில் ஒரு குழப்பம் வரும். 10.8-ம் 11.1-ம் இரண்டுமே மூன்று செல் வரிசைதான், ஒன்றுக்கு பதில் ஒன்று போடலாம். 14.4-ம் 14.8-ம் அதே மாதிரி. ஆனால் 11.1 இருந்த இடத்தில் 14.8 போடக் கூடாது.

நான்காம் படி: ஒரிஜினலா, கம்பேட்டிபிளா? முடிவெடுங்கள்

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போடுங்கள். சீரியல் நம்பரைச் சொல்லி ஒரிஜினல் பேட்டரி கிடைக்குமா, என்ன விலை, எத்தனை மாதம் வாரன்டி என்று கேளுங்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த விலை தெரிந்தால்தான் ஆன்லைனில் பார்க்கும் விலையை எடை போட முடியும். சர்வீஸ் சென்டர் 5,000 ரூபாய் சொல்லும் பேட்டரியை ஒருவர் 1,800-க்கு 'ஒரிஜினல்' என்று கொடுக்கிறார் என்றால் அது ஒரிஜினலாக இருக்க முடியாது. அதே 1,800-க்கு தன் பெயர் போட்ட கம்பேட்டிபிள் என்றால் அந்த விலை நியாயமானது.

பாண்டியில் வாங்கினால் வரி குறைவு, விலை குறைவு என்ற நம்பிக்கை இன்னும் சிலருக்கு இருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒரே வரிதான். லித்தியம் பேட்டரிக்கு 2018 ஜூலையிலிருந்து 18 சதவீதம். பஸ் ஏறிப் போவதானால் கடையைப் பார்த்துப் போங்கள், வரிக்காகப் போக வேண்டாம்.

என் கணக்கு இதுதான். லேப்டாப் வாங்கி நான்கைந்து வருடத்துக்குள், இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓட்ட வேண்டும் என்றால் ஒரிஜினல். லெனோவோவின் திங்க்பேட் வைத்திருப்பவர்களுக்கும் அதையேதான் சொல்வேன். பல திங்க்பேட் மாடல்கள் வேறு பேட்டரி போட்டால் 'இது ஆதரிக்கப்படாத பேட்டரி' என்று சொல்லி சார்ஜ் ஏற்றவே மறுக்கும்.

லேப்டாப்புக்கு எட்டு, பத்து வயது ஆகிவிட்டதா? அப்போது கம்பேட்டிபிள்தான் நல்லது, இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். லித்தியம் செல் பயன்படுத்தாமல் பெட்டியில் கிடந்தாலும் மூப்படையும். கம்பெனி தயாரிப்பை நிறுத்திய பேட்டரி இன்றைக்கு உண்மையிலேயே ஒரிஜினலாகக் கிடைத்தாலும், அது பல வருடம் குடோனில் கிடந்ததாக இருக்கலாம். போன வருடம் செய்த நல்ல கம்பேட்டிபிள் அதைவிட அதிக நேரம் நிற்கும். 2012 மாடலுக்கு 'புத்தம் புதிய ஒரிஜினல்' என்று யாராவது சொன்னால் தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: லிஸ்டிங்கைப் படிக்கும் விதம்

தலைப்பில் எச்பி, டெல் என்ற பெயர் இருக்கிறதா என்பதைப் பார்த்துப் பயனில்லை. பிராண்ட் என்ற கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது? தலைப்பில் 'ஃபார் எச்பி' என்று இருந்தால் எச்பிக்கானது என்று மட்டுமே பொருள், எச்பி செய்தது என்று பொருள் இல்லை. அப்படி எழுதுவது நேர்மையான கம்பேட்டிபிள் வழக்கம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். 'ஓஇஎம் கிரேடு', 'ஒரிஜினல் குவாலிட்டி' என்பதெல்லாம் எதற்கும் உத்தரவாதம் தராத சொற்கள்.

அடுத்து பிஐஎஸ், அதாவது பொருட்களின் தரத்தைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு. இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரி ஐஎஸ் 16046 தரத்தின்படி சோதிக்கப்பட்டு, பிஐஎஸ்ஸில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு நம்பர் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி, ஒரு சிறு கோடு, பிறகு எட்டு இலக்கம் என்று இருக்கும். 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அதை அடித்தால் எந்தக் கம்பெனி, எந்த பிராண்ட், எந்தப் பொருள் என்று காட்டும். டூப்ளிகேட் செய்கிறவர் அடுத்தவர் நம்பரைத் திருடி அச்சடிக்கலாம். அதனால் நம்பர் இருப்பதோடு விடாமல், ஆப்பில் வரும் பெயரும் பேட்டரியில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இறக்குமதி என்றால் இறக்குமதி செய்தவர் முகவரி, எந்த நாட்டில் செய்தது, மாதம் வருடம், எம்ஆர்பி எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தைத் தாண்டிப் போங்கள். வந்த அன்றே 'சூப்பர்' என்று எழுதியது நமக்கு உதவாது. ஆறு மாதம் கழித்து வந்து எழுதியவர் என்ன சொல்கிறார் என்று தேடுங்கள். போட்டோ போட்டிருந்தால் ஸ்டிக்கரைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வாரன்டியில் ஒன்றைக் கட்டாயம் கேட்டுவிடுங்கள்: பழுதானால் அவர்கள் வந்து எடுத்துப்போவார்களா, நாம் அனுப்ப வேண்டுமா? லித்தியம் பேட்டரி என்றாலே பல கூரியர் கவுண்டரில் வாங்க மறுக்கிறார்கள். நம் செலவில் டெல்லிக்கு அனுப்பு என்று சொல்லும் ஒரு வருட வாரன்டியைவிட, திருப்பாதிரிப்புலியூரில் நேரில் மாற்றித் தரும் கடைக்காரரின் ஆறு மாத வாரன்டி பெரியது. ஜிஎஸ்டி பில் இல்லாமல் எங்கேயும் வாங்காதீர்கள்.

ஆறாம் படி: பெட்டி வந்த அன்று

சீல் உடைப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். ஒரு நிமிடம் போதும், ஸ்டிக்கர் படிக்கும்படி தெரிய வேண்டும்.

எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, கோணலான ஸ்டிக்கர் இருக்கிறதா? தேதி இருக்கிறதா? டெல் என்றால் ஒரு சின்ன ரகசியம் உண்டு. பார்கோடுக்குப் பக்கத்தில் கோடு போட்டுப் பிரித்த ஒரு நீளமான நம்பர் இருக்கும். அதில் மூன்றே எழுத்து உள்ள ஒரு பகுதியைத் தேடுங்கள். '45ஏ' என்று இருந்தால் முதல் எழுத்து வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம், மூன்றாவது நாள். ஒன்பதுக்கு மேல் போனால் ஏ என்பது 10, பி என்பது 11 என்று எழுத்தில் போகும். ஆக அது 2024 மே 10. ஸ்டிக்கரில் தனியாக அச்சடித்த தேதியும் இதுவும் ஒத்துப்போகவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் தராசு. சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் பழையதையும் புதியதையும் வைத்துப் பாருங்கள். ஒரு 18650 செல் மட்டுமே ஏறக்குறைய 45 கிராம். ஆறு செல், பிளாஸ்டிக் கூடு, சர்க்யூட் எல்லாம் சேர்ந்தால் 300 கிராம் பக்கம் வரும். ஒரு மாணவர் கொண்டுவந்த 'ஆறு செல்' பேட்டரியை எங்கள் கடைத் தராசில் வைத்தபோது 190 கிராம்தான் காட்டியது. திறக்காமலேயே விஷயம் புரிந்துவிட்டது, அன்றே திருப்பி அனுப்பினார்.

புது பேட்டரி சார்ஜ் குறைவாக வந்தால் கவலை வேண்டாம். தனியாக விமானத்தில் வரும் லித்தியம் பேட்டரியில் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்பது விதி.

ஏழாம் படி: மாட்டுவதும் சோதிப்பதும்

லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். ஸ்குரூக்கள் நீளம் ஒன்றுபோல் இருக்காது. கழற்றும் வரிசையிலேயே ஒரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள். கனெக்டரை வயரைப் பிடித்து இழுக்காமல் பக்கவாட்டில் நகத்தாலோ பிளாஸ்டிக் துண்டாலோ தள்ளுங்கள். இரும்பு ஸ்குரூ டிரைவரை அங்கே நுழைக்க வேண்டாம். தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டி இருக்கும் வீடுகளில் உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பிடித்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் கடையில் கொடுத்து சுத்தம் செய்துவிட்டு மாட்டுங்கள்.

எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்பதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு. ஒருமுறை நூறு வரை ஏற்றி, பத்து வரை இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். பிறகு முதல் படியில் சொன்ன அதே அறிக்கையை எடுங்கள். ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி டிசைன் கெப்பாசிட்டிக்கு அருகில் இருக்க வேண்டும். சைக்கிள் கவுன்ட், அதாவது பேட்டரி இதுவரை எத்தனை முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கியது என்ற எண், ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். 140 என்று காட்டினால் அது புதிது இல்லை. சில லேப்டாப்பில் இந்த எண்ணே வராது, அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அப்புறம் ஒரு மணி நேரம் வீடியோ ஓட விட்டு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று குறித்துவையுங்கள். 40-லிருந்து திடீரென்று 8-க்கு குதித்தாலோ, தொட முடியாத சூடு வந்தாலோ திருப்பி அனுப்புங்கள். இதையெல்லாம் இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். ரிட்டர்ன் கொடுக்கும் நாட்கள் சீக்கிரம் ஓடிவிடும்.

ஏமாந்துவிட்டால்

முதல் புகார் வாங்கிய தளத்தில், எழுத்தில், வீடியோவோடு. 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.

போட்ட பேட்டரி நீடிக்க

கத்திரி வெயிலில் சில்வர் பீச்சில் நிறுத்திய காருக்குள் லேப்டாப்பை விட்டுவிட்டுப் போகாதீர்கள். செல்லுக்குச் சூட்டைப் போல எதிரி இல்லை. மெத்தையில் வைத்து வேலை செய்யாதீர்கள். நாள் முழுக்க சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப் என்றால், 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி பெரும்பாலான கம்பெனி ஆப்களில் இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்று மட்டும் நூறு வரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பை வண்டியில் போடக் கூடாது. வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. கனெக்டர் முனையில் இன்சுலேஷன் டேப் ஒட்டி சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். அக்கா மகளின் உப்பிய பேட்டரியைக் காய்ந்த மணல் நிரப்பிய ஒரு தகர டின்னில் வைத்து, இரண்டு நாள் மொட்டை மாடி நிழலில் வைத்திருந்தேன். பிறகு அந்த டின்னோடு பைக்கில் கொண்டுபோய் புதுச்சேரி சர்வீஸ் சென்டரில் ஒப்படைத்துவிட்டு, அங்கேயே ஒரிஜினல் பேட்டரிக்கு ஆர்டர் கொடுத்தேன். இப்போது அவள் லேப்டாப் மூடி சரியாகப் பொருந்துகிறது.